கணினியில் நிருவாகி உரிமையை மீளப் பெறுதல்

வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொவ்ற் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14ஆந் திகதியுடன் முடிவெய்தியது. அதன் பயனாக, வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகள் பல வின்டோஸ் 11 இற்கு மேம்படுத்தப்பட்டன. இம்மேம்பாடு பெரும்பாலும் இடையூறின்றியே நடந்தேறும். எனினும் சிலர்க்கு விந்தையானதொரு துன்பம் நேர்கின்றது. நேற்றுவரை சொற்படி நடந்த கணினி, இன்று புதிய மென்பொருளொன்றைப் பதியப் புகுந்தால், 'நிருவாகியின் அனுமதி வேண்டும்' என்று தடுத்து நிற்கின்றது. அனுமதி கேட்கும் பெட்டியிலே கடவுச்சொல்லை எழுதுதற்கு இடமில்லை. 'ஆம்' என்னும் பொத்தான் மங்கிக் கிடக்கின்றது, அழுத்தினாலும் இயங்குவதில்லை. 'இல்லை' என்பதொன்றே எஞ்சுகின்றது. பணங்கொடுத்து வாங்கியவர் தாமே. மேசைமேல் வைத்திருப்பவரும் தாமே. ஆயினும் அதனை ஆளும் உரிமை தம்மிடம் இல்லை. இந்நிலை எவ்வாறு உண்டாகின்றது, இதனின்று மீளும் வழி யாது, அவ்வழியிலுள்ள இடர் யாது என்பவற்றை நம் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், உடனாசிரியர்க்கும் விளங்கும் வகையில் ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்குதல் தகாது. கணினி பழுதாயின் வேறொன்று வாங்கலாம்; அதனுள் இருப்பனவற்றை வாங்க இயலாது. மறைந்த பெற்றோரின் நிழற்படங்கள், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் மடல்கள், பல்லாண்டுப் புள்ளிப் பட்டியல்கள், அச்சேறாத கட்டுரைகள் என்பன அதனுள்ளே உறைகின்றன. உரிமை போயிற்றென்று கண்டவர் பதற்றத்துடன் கணினியைக் கடைக்குக் கொண்டு செல்வர். அங்கே, 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாற் சரியாகிவிடும்' என்பர். அது பொய்யன்று, கணினி சரியாகிவிடும். ஆயினும், பூட்டுத் திறபடவில்லை என்பதற்காக வீட்டையே இடித்துக் கட்டுதல் போன்றது அச்செயல். பெரும்பாலான வேளைகளில் அத்துணைத் தூரம் செல்லவேண்டுவதில்லை.

முதற்கண் நிருவாகி என்பவர் யாரென அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் அட்மினிஸ்ட்ரேற்றர் என வழங்கும் சொல், பணியாளன் எனப் பொருள்படும் மினிஸ்ரர் என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஏவல் செய்வோனைக் குறித்த சொல் காலப்போக்கில் ஆணையிடுவோனைக் குறிக்கலாயிற்று. சொற்பொருள் உயர்வடைதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைத்தல் அரிது. கணினியுலகில் இப்பதவி தோன்றியதற்குக் காரணம், ஒரு பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த நேர்ந்தமையே. 1961ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாற்றோ என்பாரும் அவர்தம் குழுவினரும் நேரப்பகிர்வு முறைமையொன்றை இயக்கிக் காட்டினர். பலர் ஒரே பொறியிற் பணியாற்றவே, ஒருவரின் கோப்பினை மற்றவர் தொடாதிருக்கக் கடவுச்சொல் தேவையாயிற்று. கடவுச்சொற்களையெல்லாம் காத்து வைக்க, யாவர்க்கும் மேலான உரிமையுடைய ஒருவரும் தேவையானார்.

அவ்வுரிமையின் பேரிடர் வெளிப்படவும் நெடுங்காலம் செல்லவில்லை. 1960களின் நடுப்பகுதியில், அதே முறைமையில், மேலுரிமையுடைய இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தினர். ஒன்று, நுழைவோர் யாவர்க்கும் காட்டப்படும் அன்றாட அறிவித்தல். மற்றது, கடவுச்சொற் பட்டியல். திருத்தும் மென்பொருள் இரண்டிற்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பினை ஆக்கியமையால், இரண்டும் இடம் மாறின. அதன்பின் கணினியில் நுழைந்தவர் ஒவ்வொருவர்க்கும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்டப்பட்டன. கள்வன் எவனும் வரவில்லை. காவலரின் கைகளே கதவைத் திறந்துவிட்டன.

1969இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில் இம்மேலுரிமையாளர்க்கு 'றூற்' என்று பெயர். வேர் என்பது அதன் பொருள். ஆயினும் அம்முறைமை உண்மையிற் கவனிப்பது பெயரையன்று, எண்ணையே. எவருடைய எண் 0 ஆக இருக்கின்றதோ அவரே மேலுரிமையாளர். பெயரை முருகன் என்று மாற்றினும் எண் 0 ஆயின் அதிகாரம் குறையாது. எண் மாறினால் 'றூற்' என்னும் பெயர் வெறும் பெயரே. நாம் பின்னர்க் கூறப்போவன யாவற்றிற்கும் இது அடிப்படையாதலின் இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக.

வின்டோஸ் 95, 98 ஆகியவற்றைப் பயன்படுத்தியோர்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. அவற்றிலே கணினிமுன் அமர்ந்தவர் எவராயினும் எதனையுஞ் செய்யலாம். மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1993இல் வெளியிட்ட வின்டோஸ் என்ரி என்பதிலேயே பயனர்க்குரிய உரிமைகள் முறையாக வகுக்கப்பட்டன; 2001இல் வெளிவந்த எக்ஸ்பி வாயிலாக அவ்வமைப்பு இல்லங்களுக்கும் வந்தது. இதிலும் எண்ணே தலைமையானது. ஒவ்வொரு கணக்கிற்கும் நீண்டதோர் அடையாள எண் உண்டு. கணினியுடன் கூடவே பிறக்கும் நிருவாகிக் கணக்கின் எண் எப்பொழுதும் 500 என முடியும். விருந்தினர் கணக்கின் எண் 501 என முடியும். நாம் ஆக்கும் கணக்குகளின் ஈற்றெண்கள் 1000 தொடக்கம் மேலே செல்லும். நிருவாகிகள் என்றொரு குழுவும் உண்டு. அதன் எண் 544 என முடியும். ஆங்கில வின்டோஸில் அக்குழுவின் பெயர் ஒன்று, செருமானிய வின்டோஸில் வேறொன்று. எண் மட்டும் எங்கும் 544 தான். நம் கணக்கு அக்குழுவின் பட்டியலில் இருப்பின் நாம் நிருவாகி; இல்லையேல் சாதாரண பயனர். திரையிலே நம் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருப்பினும் பயனில்லை.

ஆகவே, மேம்பாட்டின்பின் உரிமை போயிற்று என்பதன் பொருள், அப்பட்டியலில் நம் கணக்கு இல்லை என்பதே. இல்லாமற் போவது எவ்வாறு? காரணங்கள் பலவாயினும் இரண்டை மட்டும் விரித்துரைப்போம். 2007இல் விஸ்ரா என்னும் பதிப்பு பொதுமக்களிடம் வந்தபோது, 500 என முடியும் அந்த உடன்பிறந்த நிருவாகிக் கணக்கை இயல்பாகவே முடக்கி வைக்கும் வழக்கம் தொடங்கியது. கள்வர் யாவரும் அறிந்த பெயரும் எண்ணும் உடையதாதலின், அது திறந்து கிடத்தல் தகாது எனக் கருதினர், அக்கருத்து நன்றே. ஆனால் எக்ஸ்பி காலத்தில் அக்கணக்கையே நாளாந்தம் பயன்படுத்தியோர் பலர். அத்தகைய கணினியை விஸ்ராவுக்கு மேம்படுத்துகையில், வேறொரு நிருவாகிக் கணக்கு இயங்குநிலையில் இருக்கக் கண்டால், உடன்பிறந்த கணக்கு முடக்கப்பட்டது. அந்த வேறொரு கணக்கு, என்றோ ஒருநாள் ஆக்கி மறந்துபோனதாக இருக்கலாம். உரியவர் வாயிலில் நிற்க, மறக்கப்பட்டவர் வீட்டுக்காரரானார்.

இரண்டாவது காரணம் நம் நாட்டில் மிகப் பொதுவானது. கணினியை விற்றவரோ திருத்தியவரோ முதற் கணக்கைத் தமது வசதிக்கேற்ற பெயரில் ஆக்கி, தாமறிந்த கடவுச்சொல்லை அதற்கு இட்டு, வாங்கியவர்க்கு இரண்டாவதாக ஒரு கணக்கை ஆக்கிக் கொடுத்துவிடுவார். எழுதுதல், படித்தல், படம் பார்த்தல் யாவும் சாதாரண கணக்கிலே இயலுமாதலின் வேற்றுமை புலப்படுவதில்லை. மேம்படுத்திய பின்னர் அச்சுப்பொறியையோ எழுத்துருவையோ புதிதாகப் பதிய வேண்டி வரும்போதே உண்மை வெளியாகின்றது. இங்கே மேம்பாடு எதனையும் பறிக்கவில்லை. இல்லாததொன்றை இல்லை என்று காட்டியது. தொழிலகமோ பல்கலைக்கழகமோ வழங்கிய கணினியாயின் அங்கும் இதுவே நிலை. அதன் உரிமை வழங்கியவரிடமே உள்ளதாதலின் அவரையே கேட்டல் வேண்டும்.

நோயை அறிந்த பின்னரே மருந்து. பட்டியலில் யார் யார் உள்ளனர் என்பதைப் பார்ப்பதற்கு நிருவாகி உரிமை வேண்டுவதில்லை; சாதாரண பயனரும் பார்க்கலாம். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நெற், லோக்கல்குறூப், அட்மினிஸ்ட்ரேற்றேர்ஸ் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி விட்டுத் தட்டச்சிட்டு, நுழைவுச் சாவியை அழுத்துக. நிருவாகிகளின் பெயர்கள் வரிசையாக வரும். அறிந்த பெயரொன்று அங்கே இருப்பின், தேடல் அங்கேயே முடிந்தது. அப்பெயருக்குரியவரைக் கண்டு, அவர்தம் கடவுச்சொல்லைக் கொண்டு நம் கணக்கைக் குழுவிற் சேர்த்துக்கொள்ளலாம். மகன் வெளிநாடு செல்லுமுன் ஆக்கிவைத்த கணக்கு ஒன்று இருந்து, தொலைபேசியில் ஒரு வினாவுடன் காரியம் முடிதலும் உண்டு. அக்கணக்கு மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் இணையக் கணக்குடன் இணைந்ததாயின், மறந்த கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியலில் முடக்கப்பட்ட உடன்பிறந்த நிருவாகியைத் தவிர வேறெவரும் இல்லையாயின், நாம் தொடக்கத்திற் கூறிய மங்கிய பொத்தான் தோன்றும். அனுமதி தரத்தக்கவர் ஒருவரும் இல்லாமையால் அனுமதிப் பெட்டியில் எழுதுமிடமும் இல்லை. பார்வைக்கு இது மிகக் கொடிய நிலை. ஆயினும் இதற்கே முறையான வாயில் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. விஸ்ராவை வகுத்தவர்கள் இவ்விடுக்கணை எதிர்பார்த்தே, கடைசி நிருவாகி நீக்கப்பட்டோ பதவி இறக்கப்பட்டோ போனால், முடக்கப்பட்ட அந்த உடன்பிறந்த கணக்கு 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு முறையில் மட்டும் நுழைய இடமளிக்கும்படி செய்தனர். வேறொரு நிருவாகி இயங்குநிலையில் இருக்கும்வரை அவ்வாயில் திறவாது. ஆகவே பாதுகாப்பு முறையில் அக்கணக்கு தோன்றாமை, வேறொருவர் பட்டியலில் உள்ளார் என்பதற்கு ஓர் அறிகுறியுமாகும். அப்போது கடையை நாடாது பட்டியலை மறுபடியும் நோக்குக. பின்வந்த பதிப்புகளிலும் முதலில் முயலத்தக்கது இவ்வழியே.

அதற்குச் செல்லும் முறை கடினமன்று. நுழைவுத் திரையிலுள்ள மின்பொத்தானைச் சுட்டி, 'சிஃப்ற்' சாவியை அழுத்திப் பிடித்தவாறே 'றீஸ்ரார்ட்' என்பதைத் தெரிவு செய்தல் வேண்டும். நீல நிறத் திரையொன்று வரும். அதிலே 'ட்றபிள்சூட்', பின்னர் 'அட்வான்ஸ்ட் ஒப்சன்ஸ்', பின்னர் 'ஸ்ராற்அப் செற்றிங்ஸ்' என்பவற்றை முறையே தெரிந்து மீளத் தொடக்கினால், எண்ணிட்ட நிரலொன்று காணப்படும். 4 என்னும் எண்ணை அழுத்துவதே பாதுகாப்பு முறைக்குரியது. அங்கே நிருவாகிக் கணக்கு தோன்றினால் அதனுள் நுழைந்து, 'கொன்றோல் பனல்' வாயிலாகப் பயனர் கணக்குகளைத் திறந்து, நம் கணக்கின் வகையைச் சாதாரணம் என்பதிலிருந்து நிருவாகி என மாற்றுக. மீளத் தொடக்கியதும் உரிமை கைவந்துவிடும். கோப்பு ஒன்றேனும் அழியாது. மேம்படுத்திப் பத்து நாள் கடவாதிருப்பின், அதே நீலத் திரையிலிருந்து முன்னைய பதிப்பிற்குத் திரும்பும் வழியும் உண்டு. பழைய முறைமை அதுவரை வேறொரு கோப்புறையிற் பேணப்பட்டிருக்கும்.

நிற்க, இவ்வாறு உரியவர் திரும்பி வருதற்கு வைக்கும் வாயில் எத்துணை அபாயமானது என்பதற்கு 2017ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் நிகழ்ந்ததைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி அந்நிறுவனம் 'ஹை சியாரா' என்னும் பணிசெயல் முறைமையை வெளியிட்டது. அதற்கு மேம்படுத்திய சிலர், தமது நிருவாகிக் கணக்குகள் யாவும் சாதாரண கணக்குகளாக மாறிவிட்டமையைக் கண்டனர். மென்பொருளாக்குவோர் தம்முட் கலந்துரையாடுதற்கென அந்நிறுவனம் அமைத்த களத்திலே ஒருவர் இதற்குப் பரிகாரம் கேட்டார். நவம்பர் 13ஆந் திகதி இன்னொருவர் அதற்கு விடை எழுதினார். பயனர் பெயராக 'றூற்' என்று எழுதுக. கடவுச்சொல்லை வெறுமையாக விடுக. உள்ளே செல்லலாம் என்பதே அவ்விடை. அவ்வாறே செய்யக் கதவும் திறந்தது.

மருந்தென்று கூறப்பட்ட அது மருந்தன்று என்பது இரு கிழமை கழித்தே உலகிற்குத் தெரிந்தது. நவம்பர் 28ஆந் திகதி மென்பொருள் வல்லுநர் ஒருவர் இதனைப் பகிரங்கமாக எடுத்துக் கூறினார். 'றூற்' என்று எழுதத் தெரிந்த எவரும், பூட்டிய கணினியொன்றின் முன் ஒரு நிமிடம் அமர்ந்தால், அதன் தலைவராகிவிடலாம். திரையைத் தொலைவிலிருந்து பகிரும் வசதி இயங்குமாயின், கணினியின் அருகே வரவும் வேண்டுவதில்லை. காரணத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது மிக நுட்பமானது. அக்கணினிகளில் 'றூற்' என்னும் கணக்கு இயல்பாக முடங்கியிருக்கும். அதற்குக் கடவுச்சொற் பதிவு இராது. அத்தகைய கணக்கில் ஒருவர் நுழைய முயன்றபோது, முறைமை அதனைப் பழைய முறையில் அமைந்த கணக்கெனப் பிழைபடக் கருதி, புதிய முறைக்கு மேம்படுத்தப் புகுந்தது. தரப்பட்ட கடவுச்சொல் சரியா என்று சோதிக்கும் இடத்தில் ஏற்பட்ட வழுவினால், தரப்பட்டதையே கடவுச்சொல்லாகப் பதிந்து, கணக்கையும் இயக்கிவிட்டது. வெறுமை தரப்பட்டமையால் வெறுமையே கடவுச்சொல்லாயிற்று. முதல் முறை தட்டியது பூட்டை மாற்றியது. இரண்டாம் முறை தட்டியது கதவைத் திறந்தது. மேம்படுத்தலால் உரிமையிழந்தவர்க்குக் கூறப்பட்ட பரிகாரத்தின் உள்ளேயும் பிழைபட்டதொரு மேம்படுத்தலே ஒளிந்திருந்தது.

அப்பிள் நிறுவனம் மறுநாளே திருத்தத்தை வெளியிட்டுப் பயனரிடம் மன்னிப்பும் கேட்டது. அவசரத்திற் செய்த அத்திருத்தத்தால் சில கணினிகளிற் கோப்புப் பகிர்வு தடைப்பட, அதற்கும் வேறொரு திருத்தம் கூறவேண்டியதாயிற்று. அஃதொருபுறமிருக்க, திருத்தத்தைப் பதிந்த பின்னர் 10.13 என்னும் பதிப்பிலிருந்து 10.13.1 என்பதற்கு மேம்படுத்தியோரின் கணினிகளில், மீளத் தொடக்கும்வரை அத்திருத்தம் பயன்தரவில்லை. நம் கருத்தில் இங்கே குறைகூறத்தக்கது வழு நேர்ந்தமையன்று. இரு கிழமையாக ஒரு துவாரம் பரிகாரமென்ற பெயரில் வெளிப்படையாகக் கிடந்தும், உரிமையை மீளப் பெறும் ஆவலில் அதனைக் கண்டோர், 'கடவுச்சொல் இன்றி நான் நுழைகின்றேனாயின் யார்தான் நுழையமாட்டார்' என்று வினவவில்லை. வழிகாட்டிகள் கூறும் எம்முறையையும் கைக்கொள்ளுமுன் அவ்வினாவை வினவுதல் நன்று.

வின்டோஸிலும் அத்தகைய குறுக்கு வழிகள் பல பேசப்படுகின்றன. வேறொரு தட்டிலிருந்து கணினியை இயக்கி, கணக்குகள் பதியப்பட்ட கோப்பினை வெளியிலிருந்து திருத்துவன அவை. முறைமை இயங்கும்போது அக்கோப்பு பூட்டப்பட்டிருக்கும். இயங்காதபோது அது மற்றைக் கோப்புகளைப் போல்வதே. ஆதலின், மறைகுறியாக்கம் செய்யப்படாத வன்தட்டுடைய கணினி எவர் கையில் அகப்பட்டாலும் அவரே நிருவாகியாகலாம் என்பது உண்மை. இதனைச் சில திருத்துநர் செய்து தருவர். அவ்வாறு கடவுச்சொல்லை வெளியிலிருந்து அழிக்கும்போது, உரியவர் தம் கணக்கின் கீழ்த் தனித்தனியாக மறைகுறியாக்கி வைத்த கோப்புகள் இருப்பின், அவை பின்னர் அவர்க்கும் திறவா. அவற்றைத் திறக்கும் திறப்பு பழைய கடவுச்சொல்லோடு பிணைந்தது. கணினி பிறருடையதாயின் இச்செயல் குற்றமுமாகும். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமின்றி நுழைதலைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது.

புதிதாகப் பதிந்துவிட்டோர்க்கும் ஒரு குறிப்புக் கூறுவோம். பழைய தட்டினை இணைத்துத் தம் கோப்புறையைத் திறக்க முயலும்போது, அனுமதி மறுக்கப்படுதல் கண்டு அவர்கள் திகைப்பர். அதே பெயரில் கணக்கு ஆக்கியும் மறுக்கப்படும். பெயர் ஒன்றாயினும் அடையாள எண் வேறாகிவிட்டமையே காரணம். கோப்புறை பழைய எண்ணுக்கு உரியது. அவ்வெண் உடையவர் இப்போது எங்கும் இலர். இங்கே அஞ்ச வேண்டுவதில்லை. நிருவாகியாயிருப்பவர், அக்கோப்புறையின் பண்புகளில் 'செக்கியூரிற்றி' என்னும் பகுதியைத் திறந்து, உரிமையாளர் என்னுமிடத்திற் புதிய கணக்கைக் குறித்தால், உள்ளிருப்பன மீளக் கிடைக்கும். தட்டு மறைகுறியாக்கப்பட்டதாயின் மட்டும் அங்ஙனம் இயலாது.

மறைகுறியாக்கமே இன்று இவ்விடயத்தின் திருப்புமுனை. வெளியிலிருந்து கோப்பினைத் திருத்தும் கள்வனைத் தடுத்தற்கு, தட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் 'பிற்லொக்கர்' என்னும் ஏற்பாடு வின்டோஸில் உண்டு. இணையக் கணக்குடன் புதிதாக அமைக்கப்படும் வின்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது உரியவர் கேளாமலே இயங்குகின்றது. அவ்வாறாயின், நாம் முற்கூறிய பாதுகாப்பு முறைக்குச் செல்லுகையில் கணினி 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது கையில் இல்லையேல் கடைக்காரராலும் இயலாது, மைக்ரோசொவ்ற் நிறுவனத்தாலும் இயலாது, உள்ளிருப்பன போனவையே. கள்வனுக்கு அடைத்த கதவு உரியவர்க்கும் அடைபடும். பலரின் திறவுகோல் அவர்தம் இணையக் கணக்கிலே தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அங்கே சென்று பார்த்தல் வேண்டும். மேம்படுத்துமுன்பே, நிருவாகி உரிமை கையிலுள்ள பொழுதே, அதனைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வீட்டு உறுதிகளுடன் வைத்தல் அறிவுடைமை.

48 இலக்கங்களைக் கையால் எழுதும்போது பிழை நேராதா என்று வினவலாம். கணிதம் பயிலும் மாணவர்க்கு இன்பந் தருவதொரு செய்தி இங்கே உண்டு. அவ்விலக்கங்கள் அவ்வாறாக எட்டுக் கூறுகளாய் எழுதப்படும். ஒவ்வொரு கூறும் 11ஆல் மீதியின்றி வகுபடும். எடுத்துக்காட்டாக 123453 என ஒரு கூறு இருப்பதாகக் கொள்வோம். ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 1, 3, 5 சேர்ந்து 9. இரட்டை இடத்தன 2, 4, 3 சேர்ந்து 9. வேறுபாடு 0 ஆதலின் சரி. வேறுபாடு 11 அல்லது 22 ஆயினும் சரியே. ஈற்றிலுள்ள 3ஐ 8 என எழுதிவிட்டால் வேறுபாடு 5 ஆகிப் பிழை வெளிப்படும். 4ஐயும் 5ஐயும் இடமாற்றி எழுதினால் வேறுபாடு 2 ஆகி அதுவும் வெளிப்படும். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு வேறிலக்கங்கள் இடம் மாறினாலும் இச்சோதனை தப்பாது காட்டும். அன்றியும், எந்தக் கூறும் 720885ஐ விஞ்சாது. ஆகவே 8இலோ 9இலோ தொடங்கும் கூறு காணப்படின் எழுதியதில் தவறுண்டு என்பது வகுக்காமலே தெரியும். தாளில் எழுதியவுடன் எட்டுக் கூறுகளையும் இவ்வாறு சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

உரிமை மீண்டபின் செய்யவேண்டுவன சில உள. இரண்டாவதாக ஒரு நிருவாகிக் கணக்கை ஆக்கி, அதற்கு வேறொரு கடவுச்சொல் இட்டு, ஒருமுறை அதனுள் நுழைந்து இயங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஆக்கிவிட்டுச் சோதியாமல் விடுவதிற் பயனில்லை. அலுவலகக் கணினியாயின், அக்கடவுச்சொல்லை உறையிலிட்டு அதிபரின் பெட்டகத்தில் வைக்கலாம். இலிகிதர் இடம் மாறிச் சென்றாலும் புள்ளிப் பட்டியல்கள் அவருடன் செல்லா. நாளாந்த வேலைக்குச் சாதாரண கணக்கைப் பயன்படுத்துதலே சிறந்தது. ஒருவர்க்கு அவர்தம் வேலைக்கு வேண்டிய அளவு உரிமையே அளிக்கப்படல் வேண்டும் என்னும் நெறியை 1975இல் சோல்ற்சர், சுறோடர் என்னும் இருவர் தெளிவுபட எழுதினர். இன்றைய முறைமைகள் அதனையே பின்பற்றுகின்றன. நிருவாகியாய் நுழைந்தவர்க்கும் வின்டோஸ் இயல்பாகச் சாதாரண உரிமையையே தந்து, 'ஆம்' என்று அழுத்தும்போது மட்டும் மேலுரிமையை வழங்குவது அதனாலேயே. ஆகையால் சலிப்புற்று அந்த அனுமதிப் பெட்டியை நிறுத்திவிடுவோரின் செயலை நாம் ஏற்பதற்கில்லை.

மீட்கும்பொழுது உடன்பிறந்த நிருவாகிக் கணக்கை எவரேனும் இயக்கி வைத்திருப்பின், புதிய நிருவாகிக் கணக்கினுள் நுழைந்து, 500 என முடியும் அதனைத் திரும்பவும் முடக்கிவிடுக. பின்னர் முன்கூறிய மூன்று சொற்களை மறுபடி தட்டச்சிட்டுப் பார்த்தால், நம் கணக்கும் உறையிலிட்ட கணக்கும் பட்டியலில் இருத்தல் வேண்டும். உடன்பிறந்த கணக்கின் பெயரும் முடங்கிய நிலையில் அங்கே காணப்படும். அறியாத பெயர் வேறெதுவும் இருப்பின், அது யாருடையதெனத் தெரியும்வரை மேம்பாட்டு வேலை முடியவில்லை.